உருபு மறைந்த பெயர்

டெவனிலிருந்து கடிதம். கையெழுத்து, நீல மை.
எழுதியவர் ஹம்ஃப்ரி வெல்லிக்கூம்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர், வயது எண்பத்தொன்று.
இந்தப் பேரைச் சுமந்து மூச்சுவிடுகிறவர்கள்
உலகத்தில் முப்பத்துநான்கு பேர் என்று
கணக்கெடுத்து வைத்திருக்கிறார்.
டெவனில் மூன்று. கனடாவில் பதின்மூன்று.
நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப்பண்ணை, ஏழு.
மீதிப் பதினொன்று
ஈசூன் ரிங் ரோட்டில், எதிரெதிர் புளோக்குகளில்.
அதுதான் அவரைத் தூங்கவிடவில்லையாம்.

வரைபடமும் வைத்திருக்கிறார்.
எங்களுக்கென்று குத்திய சிவப்புப் புள்ளி
தீவையே மூடிவிட்டது.

‘கூம்’ என்றால் குன்றுகளுக்கு நடுவே சிறு பள்ளம்.
‘வெல்லி’ ஓர் ஆளோ, ஓர் ஊற்றோ, அவருக்கே தெரியவில்லை.
அந்தப் பேரில் ஓர் ஊர் இருந்ததாம்.
பழைய ஏடொன்றில் ஒரே ஒரு தடவை வரி கட்டிவிட்டு
எங்கோ போய்விட்டதாம்.

ஐயா,
முதலில் உங்கள் பேரோடு நான் படும் பாடு.
பாலிகிளினிக்கில் ‘மேடம் வெல்லிக்கூம்’ என்று கூப்பிடும் தாதி
என் தலைக்கு மேலாக ஒரு வெள்ளைக்காரியைத் தேடுவாள்.
நான்தான்லா என்று எழுந்து நிற்பேன்
பூங்காவனம் வெல்லிக்கூம்,
கொண்டையில் மல்லிகை, கையில் ரத்தக்கொதிப்பு அட்டை.
தேக்கா நகைக்கடைக்காரர் ரசீதில் எழுதினார்:
வெள்ளிக்கும்பம்.
தங்கம் வாங்கப் போனவளுக்கு!
திருத்தச் சொல்லவில்லை. ரசீது இன்னும் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டது.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு குதிரை லாயம்.
ஒரே லாயத்தில் இரண்டு சடையன்கள்.
சம்பளநாளில் எந்தச் சடையன் என்று தகராறு.
வெல்லிக்கூம் துரையுடைய சடையன்
என்று பேரேட்டில் குறித்தார் ஒரு கிராணி.
அடுத்து வந்த கிராணிக்கு அவசரம்.
துரையை விட்டார். ‘உடைய’வை விட்டார்.
முன்னதைப் பின்னால் போட்டார்.
சடையன் வெல்லிக்கூம்.

பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்தபடி நான் கேட்ட இலக்கணம்:
உருபு மறைந்து நின்றால் தொகை.
மறைந்தது தொலைந்ததல்ல, விரித்தால் வரும்.
எங்களை இதுவரை
யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

துரை குதிரைகளை விற்றுவிட்டுக் கப்பலேறினார்.
விற்பனைச் சீட்டில் ஐந்து குதிரைக்கும் பேர் இருக்கிறது
என்று உங்கள் கடிதமே சொல்கிறது.
அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அதுவும் அதிலேயே.
சடையனுக்கு ஆறு.
எங்களில் குடும்பப்பேர் வழக்கமில்லை ஐயா,
அப்பன் பேரின் தலையெழுத்து போதும்.
பிறப்புப் பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கிறது,
காலிக் கட்டம் எந்தக் கிராணிக்கும் பிடிக்காது.

உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய்.
எச்சில் அனுப்பினால் ரத்தம் ஒன்றா என்று தெரிந்துவிடும்,
மனம் நோகாதே என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள்.
நோகவில்லை.
தம்பி தண்டபாணி துப்பத் தயாராகத்தான் இருந்தான்.
நான்தான் குழாயைக் கழுவி
ஏலக்காய் போட்டுவிட்டேன்.
ரத்தமெல்லாம் இல்லை ஐயா. பேரேடு மட்டும்தான்.

உங்கள் ஊர் மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள்,
பின்னால் யாருமில்லை என்கிறீர்கள்.
கவலைப்படாதீர்கள்,
பார்த்துக்கொள்ள இங்கே ஆளிருக்கிறது.
அன்றைக்கும் துரை போன பிறகு
குதிரைகளை விலைபோகும்வரை பார்த்துக்கொண்டது
எங்கள் ஆள்தான்.

இவ்வளவு எழுதும்போது தம்பி மகள் துளசிகா வந்து நிற்கிறாள்,
தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு,
தமிழ்ப் பாடத்துக்கு முழுப்பேரும் எழுத வேண்டுமாம்.
அத்தை, ‘வெல்லி’க்குச்
சின்ன லானாவா, குண்டு ளானாவா?

முப்பத்துநான்கு பேரில்
வேறெவருக்கும் வந்திராத சந்தேகம்.
அழிரப்பரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.